சேற்றில் கேட்ட அரைமணி நேரம்

மழைக்காலத்தில் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவது மனித குலத்துக்குத் தேவையா என்று எவரேனும் பட்டிமன்றம் வைத்தால், தேவையில்லை என்ற அணிக்குத் தலைமை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். எதிரணியில் யார் அமர்ந்தாலும் எனக்குக் கவலையில்லை. அவர்கள் இயற்கையின் எழிலைப் பற்றிப் பேசட்டும். நான் எழுந்து, அவையோருக்கு முதுகைத் திருப்பி, கழுத்திலிருந்து இடுப்புவரை பின்சக்கரம் வாரி இறைத்த சேற்றுக் கோட்டைக் காட்டுவேன். அதற்கு மேல் ஒரு வாதமும் வேண்டியிராது.

எண்பதுகளின் நடுவில் நான் வேலைக்காகக் கலிபோர்னியாவின் குபெர்டினோவுக்கு வந்தேன். வருவதற்கு முன் என்னை அறிந்தவர்கள் என்னைப் பேச்சாளனாகத்தான் அறிந்திருந்தார்கள். கல்லூரியில் இருந்த காலம் முழுவதும் சுழற்கோப்பை எங்கள் விடுதியை விட்டுச் சுழன்று வேறெங்கும் போகவில்லை. அதற்குக் காரணம் நான். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, ஒரு நீண்ட வாக்கியத்தை எங்கும் தடுக்காமல் கொண்டுபோய், கடைசிச் சொல்லில் கைதட்டலை எழுப்பும் பயிற்சி பெற்றவன் நான். அப்படிப்பட்டவன் இங்கே அலுவலகக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால், மேலாளர் கையைக் காதருகே வைத்து, இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக என்பார். மெதுவாகச் சொல்வேன். அதையும் இன்னொரு முறை கேட்பார். ஓராண்டு இப்படிக் கழிந்தது. இந்த நாட்டில் என் குரலை முழுதாகக் கேட்ட காது ஒன்றுகூட இல்லை என்ற எண்ணம் இரவும் பகலும் என்னை அரித்தது.

ஆகவே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஓர் அரைமணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு தேவாலயக் கூடம், மடக்கு நாற்காலிகள், இரைச்சலிடும் ஒலிபெருக்கி. மேடை எதுவாயினும் மேடை. ஆனால் அந்த ஆண்டு சொற்பொழிவே வேண்டாம் என்று உறுப்பினர் பலர் கொதித்துப் போயிருந்தனர். முந்தைய ஆண்டு ஒருவர் பேசத் தொடங்கி, குழந்தைகள் அழுது ஓய்ந்து, பொங்கல் பாத்திரத்தில் கல்லாய் இறுகிய பிறகுதான் அமர்ந்தாராம். அவர் செய்த பாவத்துக்கு நான் பிராயச்சித்தம் தேட வேண்டியதாயிற்று.

முடிவெடுக்க வேண்டியவர் சங்கத் தலைவர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த டாக்டர், ஐம்பதை நெருங்கியவர், அந்த வயதில் தேவையற்ற அளவுக்கு உறுதியான கால்கள் கொண்டவர். அவருக்குத் தொலைபேசியில் என் கோரிக்கையை மூன்று பகுதிகளாக வகுத்து எடுத்துரைத்தேன். முதல் பகுதி முடிவதற்குள் அவர் குறுக்கிட்டார்.

“தம்பி, உதெல்லாம் போனில கதைக்க ஏலாது. ஞாயிறு காலமை சைக்கிளோட வாரும். மேல போய்க் கதைப்பம்.”

என் அறைத்தோழன்தான் சங்கத்தின் செயலாளர். சென்னைக்காரன். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பிறவி. அவனிடம் இதற்குப் பொருள் கேட்டேன்.

“அதான் மச்சி சிஸ்டம். ஹாஸ்பிட்டல்ல கேட்டா பிஸி, வீட்ல கேட்டா ‘பாப்பம்’னு சொல்லிடுவாரு. மலை மேல ஏறி, டீ குடிக்கும்போதுதான் வாயிலேர்ந்து எஸ், நோ வரும். மேல டிசைட் பண்ணதை மேலதான் மாத்தணும். கீழ வந்து எவ்வளவு கத்தினாலும் நோ யூஸ்.”

“காட்டுக்குள்ள எதுக்குடா? ரோடு இல்லையா?”

“ரோடு இருக்கே! அதுலதான் டாக்டர் வைஃப், நம்ம ஆன்ட்டி, டீ ஃபிளாஸ்க் எடுத்துக்கிட்டுக் கார்ல வருவாங்க.”

இதை அவன் மிக இயல்பாகச் சொன்னான். உச்சிவரை தார்ச்சாலை இருக்கிறது. தேநீர் காரில் வருகிறது. மனிதர்கள் மட்டும் சேற்றில் வருகிறார்கள்.

தன் பழைய பந்தய சைக்கிளை எனக்குக் கொடுத்தான். ஆட்டுக்கொம்பு போல் வளைந்த கைப்பிடி. மெல்லிய டயர்களைக் கழற்றிவிட்டு, சட்டத்துக்குள் நுழையும் மட்டும் தடித்த டயர்களை மாட்டியிருந்தான். சாலைக்கும் முழுதாக உதவாமல், காட்டுக்கும் முழுதாக உதவாமல் நடுவே நின்ற வண்டி அது. டாக்டரிடம் மலைப்பாதைக்கென்றே அப்பகுதியில் புதிதாகச் செய்யத் தொடங்கியிருந்த பருத்த டயர் சைக்கிள் இருந்தது. ஆக, கருவியிலும் நான் குறைந்தவனாகவே களம் இறங்கினேன்.

முதல் ஞாயிறு. நகரை விட்டு மேற்கே சற்றுத் தூரம் காரில் போனால் போதும், வானளாவிய ரெட்வுட் மரங்களின் காடு தொடங்கிவிடும். வாரம் முழுவதும் பெய்த மழை அன்று நின்றிருந்தது. ஆனால் மரங்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கிளையும் தன் பங்கை என் பிடரியில் சொட்டியது. பாதை முதலில் ஓர் ஓடைவரை இறங்கி, அங்கிருந்து உச்சிவரை இடைவிடாமல் ஏறுகிறது. அதன் மண் சாதாரண மண்ணல்ல. மேலே கருமையான இலைச்சேறு. அடியில் பிசைந்த களி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தக் களியை உரித்தெடுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். பத்து சுற்றில் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே அது அடைத்து, பிரேக் பிடிக்காமலே வண்டி நிற்கும். இறங்கிக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். ஏறிச் சற்றுத் தூரம் போனால் மீண்டும் குச்சி.

டாக்டரோ என் பக்கத்தில் ஓட்டியபடி, சாய்வு நாற்காலியில் அமர்ந்தவர்போல் கேட்டார்:

“சொல்லும் தம்பி, என்ன விசயமாப் பேசப்போறீர்?”

சொல்வதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. மூச்சைத் தவிர.

“தமிழ்…” என்றேன்.

“ஓம்.”

“தமிழுக்கு…”

“ஓம், தமிழுக்கு?”

ஏற்றம் செங்குத்தாகியது. எந்த மேடையிலும் எந்த எதிரியாலும் நிறுத்தப்படாத நான், ஒரு நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் நின்றுபோனேன். டாக்டர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, “பரவாயில்லை, மெதுவா யோசிச்சுச் சொல்லும்” என்று முன்னே போனார். யோசிப்பதற்காக நான் நிறுத்தினேன் என்று அவர் எண்ணியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் உச்சியை அடைந்தபோது தேநீர் தீர்ந்திருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கூடிய கூட்டமும் கலைந்திருந்தது. சங்கத்தின் பொருளாளர் டாக்டரின் மனைவிதான். அவர் ஃபிளாஸ்கைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ தம்பி, தேத்தண்ணி முடிஞ்சுதே! வடை ஒண்டு கிடக்குது, தரட்டோ?”

வடையைத் தின்றபடி தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வளைவுகளோடு, ஈரமாய், தூய்மையாய்க் கிடந்தது.

இரண்டாம் ஞாயிறு நான் போர்முறையை மாற்றினேன். ஏற்றத்தில் மூச்சில்லை, சரி, ஓடைவரை இறக்கம் இருக்கிறதே, அங்கே பேசுவோம். ஆனால் அந்தப் பழைய வண்டியின் பின்சக்கரத்தில் இருந்த ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தானாக உருளவிடும் பல்சக்கரம், இறக்கத்தில் தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல் ஓசையிட்டது.

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே!” என்று முழங்கினேன்.

“என்ன?”

“அரைமணி நேரம்…”

“உமக்கு அரையில நோவோ?” என்றார் மருத்துவருக்குரிய அக்கறையோடு. “சீட்டைக் கொஞ்சம் உயத்தும்.”

அன்றும் மேலே தள்ளிக்கொண்டுதான் போனேன். வழியில் ஓடில்லாத மஞ்சள் நத்தை ஒன்று, கைவிரல் நீளத்தில், பாதையைக் கடந்துகொண்டிருந்தது. அதன் முகத்தில் என் முகத்தில் இருந்ததைவிட அதிக நிம்மதி தெரிந்தது.

இப்போது நான் எடுத்த முடிவின் தருக்கத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதில் ஓட்டை ஏதும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பேசுவதற்கு ஏற்ற இடம் இறக்கம். இறக்கத்தில் தடை, ஓசை. ஓசைக்குக் காரணம், உலர்ந்த இரும்பு. எங்கள் வீட்டில் கிறீச்சிட்ட கதவுக்கும், திறக்காத பூட்டுக்கும், தையல் இயந்திரத்துக்கும், அப்பாவின் சைக்கிளுக்கும் ஒரே மருந்துதான்: தேங்காய் எண்ணெய். அது தவறியதாக ஒரு சான்றும் இல்லை. குளியலறை அலமாரியில், ஊரிலிருந்து கொண்டுவந்த புட்டி வெள்ளைக் கட்டியாய் உறைந்து நின்றது. வெந்நீரில் வைத்து உருக்கினேன். சனிக்கிழமை மாலை வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, ஃப்ரீவீலின் இடுக்கில் கரண்டி கரண்டியாக வார்த்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பட்டுத்துணி நழுவுவதுபோல் ஓசையின்றிச் சுழன்றது. ஹீட்டர் ஓடிய அறைக்குள் அந்த மௌனத்தை நெடுநேரம் ரசித்தேன்.

மூன்றாம் ஞாயிறு விடிந்தபோது புல்லின்மேல் உறைபனி இருந்தது. காரின் பின்புறத் தாங்கியில் சைக்கிள்கள் குளிர்காற்றை வாங்கிக்கொண்டு வந்தன. காட்டு வாயிலில் வண்டியில் ஏறி, ஓடையை நோக்கி உருண்டேன். சத்தமே இல்லை. டாக்டரின் தோளருகே சென்றேன். குரலை எடுத்தேன்.

“டாக்டர், சென்ற ஆண்டு நடந்தது சொற்பொழிவின் குற்றமன்று, சொற்பொழிவாளரின் குற்றம்!”

அவர் வியப்போடு திரும்பினார். “அட, நல்லா விளங்குது. சொல்லும், சொல்லும்.”

“காலத்தைக் கடைப்பிடிக்கும் ஒருவனுக்கு அரைமணி நேரம் அளித்தால், அவையோரின் பசிக்கும் பழுதின்றி…”

ஓடை வந்துவிட்டது. பலகைப் பாலத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மிதித்தேன். கால்கள் சுற்றின. சங்கிலி சுற்றியது. சக்கரம் சுற்றவில்லை. இன்னும் வேகமாக மிதித்தேன். காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. வண்டி நின்று, யோசித்து, பின்னோக்கி நகர்ந்து, என்னைப் பக்கவாட்டில் சேற்றில் கிடத்தியது.

முன்னே சென்ற டாக்டரும் அறைத்தோழனும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்தங்குவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. கூப்பிட்டேன். அரங்கின் கடைசி வரிசைவரை ஒலிபெருக்கி இல்லாமல் எட்டிய குரல் என்னுடையது. அந்த ரெட்வுட் மரங்களின் ஈரப் பட்டை அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டது.

உச்சியை எப்படி அடைந்தேன் என்பதை விவரிக்க மாட்டேன். நான் போனபோது டாக்டர் பாதி வடையோடு என்னை வரவேற்றார்.

“வாரும் தம்பி! நீர் கீழ சொன்னது நல்ல கதை. சொற்பொழிவு வைக்கிறம், அரைமணித்தியாலம். எல்லாரும் ஒத்துக்கொண்டாச்சு.”

அந்தக் கணத்தில் சேறு, குளிர், முழங்கால் வலி எல்லாவற்றையும் மன்னித்தேன். நன்றி சொல்ல மூச்சைத் தேடினேன்.

“செயலாளர்தான் பேசுவார்” என்று அவர் முடித்தார்.

அறைத்தோழன் காரின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவருக்குத் தமிழ் அவ்வளவு வராதுதானே?” என்று ஆன்ட்டி அன்போடு விளக்கினார். “அதால கெதியா முடிச்சிடுவார். பொங்கலும் ஆறாது.”

இப்படியொரு தகுதியை முன்வைத்துச் சொற்பொழிவாளரைத் தேர்ந்தெடுத்த அவையை நான் கண்டதில்லை. “டாக்டர், இது முறையா?” என்று ஒருவாறு கேட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் நாங்கள் இறங்கத் தொடங்கியிருந்தோம். “மேல எடுத்த முடிவு தம்பி. மாத்திறதெண்டால் அடுத்த ஞாயிறு மேல வந்து சொல்லும்.”

வீட்டு வாசலில் அறைத்தோழன் என் வண்டியின் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். பிறகு குனிந்து முகர்ந்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“டேய், என்னடா இது, அவியல் வாசனை வருது?”

சொன்னேன்.

“தலைக்குத் தேய்க்கிறதை வீலுக்குத் தேய்ச்சியாடா பாவி! உள்ள சின்னதா ரெண்டு கொக்கி இருக்கும். அதுதான் பல்லைப் பிடிச்சு வண்டியைத் தள்ளும். குளிர்ல எண்ணெய் உறைஞ்சு கொக்கி ரெண்டும் படுத்துடுச்சு. அதான் மிதிச்சா போகலை.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “மச்சி, சிரிக்கிறேன்னு கோச்சுக்காத. எனக்கே நைட் தூக்கம் வராது. அரைமணி நேரம் நான் என்ன பேசுவேன்? ‘அனைவருக்கும் வணக்கம்’ முடிஞ்சா ‘சாப்பாடு ரெடி’தான் எனக்குத் தெரியும். நீயே எழுதிக் கொடுத்துடேன்.”

“எழுத மாட்டேன்.”

“அப்போ நெக்ஸ்ட் வீக் எப்படியாவது மேல வந்து சேரு. டீ தீர்றதுக்குள்ள வா. மீதியை நான் பாத்துக்கறேன்.”

மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஃப்ரீவீலைக் கழுவினான். அது பழையபடி ஆலங்கட்டியாய்ப் பொழியத் தொடங்கியது. அந்த வாரம் முழுவதும் நான் உரை ஒத்திகையை நிறுத்திவிட்டு, அலுவலகத்தில் மாடிப்படி ஏறினேன். கோப்பைகள் வென்றவன் ஒருவன் படிக்கட்டில் ஏறி இறங்குவதை மேலாளர் கண்டு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். ஒரு முறைதான் பதில் சொன்னேன். இன்னொரு முறை சொல்ல மூச்சில்லை.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு. மழை விடவேயில்லை. ஓடைவரை நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்றத்திலும் திறக்கவில்லை. சேறு அடைத்த இடத்தில் குத்தினேன், ஏறினேன், மிதித்தேன். டாக்டர் என்னிடம் வானிலை பற்றியும், மகள் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வது பற்றியும், கரும்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்பது பற்றியும் உரையாடிக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தேன். அவருடைய பின்சக்கரத்தை மட்டும் பார்த்தேன். அது இறைத்த சேறு என் வாய்க்குள் போனபோதும் அதைத் துப்பும் மூச்சை வீணாக்கவில்லை. இறங்காமல், தள்ளாமல், உச்சியை அடைந்தேன்.

ஆன்ட்டி அப்போதுதான் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. ஒரு கோப்பை என் கையில் வந்தது. நான் சைக்கிளின் மேல் கவிழ்ந்து கிடந்தேன். நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கியது. காதுக்குள் முரசு கொட்டியது.

“டாக்டர்” என்றான் அறைத்தோழன், “அந்த ஸ்பீச் டைமை இவனுக்குக் குடுத்துடலாம். எனக்கு ஃபுல் சம்மதம்.”

“தம்பி, உமக்கு வேணுமோ?”

நான் தயாரித்து வைத்திருந்தேன். ஒரே வாக்கியம், செறிவானது, மறுக்க இயலாதது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தலையை ஆட்டினேன்.

“ஆருக்கும் ஆட்சேபணை?” டாக்டர் சுற்றிப் பார்த்தார். “இல்லை. முடிஞ்சுது. அரைமணித்தியாலம் இவருக்கு.”

நான் வாதிட்டு வென்றவை பல. வாதிடாமல் வென்றது இது ஒன்றுதான். அந்த வெற்றியின் சுவையை முழுதாக உணர்வதற்குள் டாக்டர் அடுத்த கோப்பையை ஊற்றிக்கொண்டார்.

“அடுத்தது, ஹோலில கதிரை அடுக்கிறது ஆர்?”

எல்லோரும் தேநீரைப் பார்த்தார்கள். நான் மறுப்பதற்காகக் கையை உயர்த்தினேன்.

“தம்பி கை தூக்கிறார். நல்லது.”

“ச்…” என்றேன்.

“பொங்கல் பானை கழுவிறது?” என்றார் ஆன்ட்டி. “போன வருசம் நான் தனியத்தான் தேச்சனான்.”

“அவன் ஒண்ணும் நோ சொல்லலையே ஆன்ட்டி” என்றான் என் அருமை நண்பன்.

“அப்ப இவர்தான். இனி, வாற வருசத்துக்குச் செயலாளர். இப்ப இருக்கிறவர் ரெண்டு வருசமாச் செய்யிறார், பாவம். புது ஆள் ஆர்?”

அறைத்தோழன் என் தோளில் கைவைத்தான். எவ்வளவு பரிவான கை! “டாக்டர், இவ்ளோ ஸ்பீடா மேல வர்ற ஆளு இவனை விட்டா யாரு இருக்கா?”

மூச்சு திரும்பி வருவதை உணர்ந்தேன். அடிவயிற்றில் தொடங்கி, நெஞ்சில் நிறைந்து, தொண்டையை எட்டியது. கோப்பையைக் கீழே வைத்தேன். நிமிர்ந்தேன்.

“இதை நான் வன்மையாக மறுக்கிறேன்!” என்ற என் குரல் அந்தக் காடு முழுவதும் கேட்டது.

டாக்டர் ஏற்கெனவே சைக்கிளில் ஏறி, பத்தடி கீழே போயிருந்தார். பிரேக்கைப் பிடித்துத் திரும்பினார். முகத்தில் எந்தக் குறும்பும் இல்லை. முறைப்படி நடப்பவரின் அமைதிதான் இருந்தது.

“நல்ல குரல் தம்பி. ஆனா கூட்டம் முடிஞ்சுது. மாத்திறதெண்டால் அடுத்த ஞாயிறு மேல வாரும்.”

பொங்கலன்று காலை முழுவதும் நாற்காலி அடுக்கினேன். பிற்பகலில் அரைமணி நேரமும் பேசினேன்; ஒரு நொடியையும் விட்டுக்கொடுக்கவில்லை. தொடையில் நரம்பு இழுத்துக்கொண்டதால் மேடையின் முனைவரை நடந்து பேசும் என் வழக்கம் மட்டும் கைகூடவில்லை. கடைசிச் சொல்லில் கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்களும் இன்னொரு முறை சொல்லச் சொல்லவில்லை. அதன் பிறகு பானை கழுவினேன்.

அடுத்த ஞாயிறு மழை பெய்தது. காட்டு வாயிலில் நான்தான் முதலில் நின்றேன், ராஜினாமா உரையை மனப்பாடம் செய்தபடி. ஏற்றம் முடியும்போது அதில் ஒரு சொல்லாவது மிஞ்சுமா என்று தெரியவில்லை.